வீடு திருத்துவோர் கேள்வி பதில்: பேஸ்மென்ற் சுவரை மூடுமுன்

கேள்வி: 1950களில் கட்டிய பங்களோ ஒன்று வாங்கியிருக்கிறோம். பேஸ்மென்ற் சுவர் முழுக்கச் சீமெந்துக்கல், பூச்சில்லை. பிள்ளைகளுக்கு அங்கே ஒரு படுக்கையறை எடுக்க விருப்பம். 2×4 ஸ்ரட் (நிமிர்த்தி வைக்கும் மரச்சட்டம்) அடித்து, இடையில் பைபர்கிளாஸ் பஞ்சு வைத்து, மேலே பிளாஸ்ரிக் தாளும் ட்றைவோலும் (கடதாசி ஒட்டிய ஜிப்சப் பலகை) போடலாம் என்கிறார் கொன்ராக்ரர். பெயின்ற் அடித்தாலே காணும் என்கிறார் உறவினர். யூலை வந்தால் பூஞ்சண மணம் வருகிறது. எதைச் செய்வது? (வாசகி, ஸ்காபரோ)

பதில்: இரண்டையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். அந்த மணம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எந்தச் சுவரையும் மூடக்கூடாது.

2 அடிக்கு 2 அடி பிளாஸ்ரிக் தாளை, நாலு விளிம்பும் காற்றுப் புகாதபடி ரேப்பால் சுவரில் ஒட்டுங்கள். நிலத்தை அண்டி ஒன்று, மேலே ஒன்று. இரண்டு மூன்று நாள் விட்டுப் பாருங்கள். தாளின் அறைப்பக்கத்தில் முத்து முத்தாக நீர் நின்றால், கோடைக் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் வியர்க்கிறது. டீஹியூமிடிபயர் (காற்றின் ஈரத்தை இழுக்கும் இயந்திரம்) போட்டு ஈரப்பதத்தை 50 வீதத்துக்குக் கீழே வைத்தால் மணம் குறையும். தாளுக்குப் பின்னால் கல் கறுத்து நனைந்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. அப்போது முதல் வேலை வெளியில்தான்: பீலித் தண்ணீர் சுவரடியில் கொட்டாமல் 6 அடியாவது தள்ளி விழவேண்டும்; முதல் 10 அடியில் மண் 6 அங்குலமாவது வெளிப்பக்கம் சரியவேண்டும். உள்ளே ஆயிரக்கணக்கில் செலவழிக்குமுன் ஒரு லோட் மண்ணுக்குச் செலவழிப்பது எவ்வளவோ மேல். சுவரின் நடு உயரத்தில் கிடையாக ஒரு வெடிப்பு ஓடினால் மண் சுவரைத் தள்ளுகிறது என்று பொருள். அதைக் கட்டமைப்புப் பொறியியலாளர் பார்க்கும்வரை எதையும் அடிக்கவேண்டாம்.

இனிக் கொன்ராக்ரர் சொன்ன முறை. பைபர்கிளாஸ் சூட்டைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. மாரியில் அறைக் காற்று பஞ்சினூடாகப் போய்க் குளிர்ந்த கல்லில் பட்டுத் தண்ணீராகும். கோடையில் கல்லிலிருந்து உள்ளே வரும் ஈரம் பிளாஸ்ரிக் தாளில் மறிபட்டு நிற்கும். இரண்டு பருவத்திலும் அதற்குப் போக்கிடமில்லை. நனைந்த பஞ்சு கீழே தொய்யும், மரம் ஊறும், ட்றைவோலின் பின்கடதாசியில் பூஞ்சணம் பிடிக்கும். முன்னால் நின்று பார்த்தால் சுவர் வெள்ளையாக, அழகாகவே இருக்கும். அதனால்தான் இந்த முறையை நாங்கள் அடியோடு மறுக்கிறோம்.

நல்ல வழி, அறைக் காற்று கல்லைத் தொடாமல் செய்வது. 2 அங்குல எக்ஸ்பிஎஸ் நுரைப்பலகையை (கெட்டியான பொலிஸ்ரைறீன் பலகை) கல்லோடு நேரே ஒட்டுங்கள். ஏறத்தாழ ஆர்-10 கிடைக்கும் (ஆர் என்பது சூட்டைத் தடுக்கும் அளவு). 30 அடி நீளம், 7 அடி உயரச் சுவர் 210 சதுர அடி. 4×8 பலகை ஒன்று 32 சதுர அடி. கணக்குக்கு 7 போதும், வெட்டுச் சேதத்தோடு 8 வாங்குங்கள். நுரைப்பலகைக்கென்றே விற்கும் பசையை வாங்குங்கள். கரைப்பான் கலந்த பசை நுரையை அரித்துக் குழியாக்கிவிடும். பொருத்துகளுக்கு ரேப், மேல் கீழ் விளிம்புகளுக்கு ஸ்பிறே போம்.

பலரும் தவறவிடுவது சுவரின் உச்சி. கடைசி வரிக் கல்லின் பொந்துகள் திறந்திருந்தால் சுவருக்குள் இருக்கும் ஈரக்காற்று அதனூடாக மேலேறும். அவற்றையும், மேலே யொயிஸ்ற் (மேல்தளத்தைத் தாங்கும் மரவிட்டம்) முனைகளுக்கு இடைப்பட்ட பெட்டிகளையும் நுரைத்துண்டு வெட்டி வைத்து அடையுங்கள்.

நுரைப்பலகை ஒட்டியபின், அதன் அறைப்பக்கத்தில் 2×4 சட்டம் அடியுங்கள். அடிக்கட்டை மருந்தூட்டிய மரமாக இருக்கட்டும். பிளாஸ்ரிக் தாள் வேண்டாம். 2 அங்குல எக்ஸ்பிஎஸ் ஈரத்தை மிகக் குறைவாகவே விடும். இதைப் பெர்மிற் எடுக்கும்போதே பரிசோதகருக்குக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். நுரை எரிந்தால் நச்சுப் புகை வரும், ஆகவே ½ அங்குல ட்றைவோலால் மூடாமல் விடக்கூடாது. ட்றைவோல் தரையைத் தொடாமல் ½ அங்குலம் உயர்ந்து நிற்கட்டும்.

கல்லில் துளை போடும்போது வெள்ளி அல்லது மண்ணிறத்தில் சிறு மணிகள் கொட்டினால் உடனே நிறுத்துங்கள். அது கல்லின் பொந்துக்குள் சூடு தடுக்கக் கொட்டிய வேர்மிக்கியூலைற் என்ற கனிமமாக இருக்கலாம், அதில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கலாம். கூட்டவோ வாக்குவம் பிடிக்கவோ கூடாது; ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கவேண்டும்.

படுக்கையறை என்றபடியால் இன்னொன்று. தப்பி வெளியேற யன்னல் திறப்பு 0.35 சதுர மீற்றராவது இருக்கவேண்டும், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. பிள்ளைகள் படுக்கும் இடம், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மாரியில் மூன்று மாதம் றேடன் (மண்ணிலிருந்து வீட்டுக்குள் வரும் கதிரியக்க வாயு) அளவியும் வைத்துப் பாருங்கள். கனடாவின் வழிகாட்டு அளவு கனமீற்றருக்கு 200 பெக்கரல்.

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் தண்ணீர் தடுக்கும் பெயின்ற் அடித்தோம். இப்போது கொப்புளித்து, உள்ளே வெள்ளை மா மாதிரி கொட்டுகிறது. திரும்ப அடிக்கலாமா? (வாசகர், ஏஜக்ஸ்)

பதில்: வேண்டாம், அதுவும் உரியும். அந்த மா உப்பு. சுவருக்குள் ஓடும் தண்ணீர் சீமெந்திலிருந்து கரைத்துக் கொண்டுவந்த உப்பு பெயின்றுக்குப் பின்னால் படிகமாகி அதைத் தள்ளியிருக்கிறது. முதலில் வெளியே தண்ணீரைத் திருப்புங்கள். பிறகு உப்பை உலர்ந்தபடியே கம்பித் தூரிகையால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி கல்லுக்குள் போய்விடும். பழைய வீடென்றால் அடியிலுள்ள பெயின்றில் ஈயம் உண்டா என்று சோதிக்காமல் சுரண்டவேண்டாம். கல் வெறுமையானதும் சிலிக்கேற் பெயின்ற் அடிக்கலாம். அது கல்லோடு பிணையும், ஈரத்தையும் வெளியே விடும்; ஆனால் பழைய பெயின்றின் மேல் பிடிக்காது.

கேள்வி: நூறு வருடம் கடந்த வீடு. அடித்தளச் செங்கல்லை அப்படியே தெரிய விட ஆசை. இடைச்சாந்து மணலாகக் கொட்டுகிறது. (வாசகி, ரொறன்ரோ)

பதில்: அது சுண்ணாம்புச் சாந்தாகவே இருக்கும். சுண்ணாம்பாலேயே திரும்ப நிரப்புங்கள். சீமெந்து நிரப்பினால் அது செங்கல்லைவிடக் கடினமாகி, ஈரம் கல்வழியாகவே வெளியேறும். ஒவ்வொரு கல்லாக முகம் பொரிந்து விழும். இடைவெளி அகலத்தின் இரண்டு மடங்கு ஆழத்துக்குப் பழையதைக் கையால் சுரண்டி, தூசி போக்கி, ஈரம் தெளித்து, சாந்தைப் படைபடையாக அழுத்துங்கள். முதல் சில நாள் ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். சுண்ணாம்பு விரைவாகக் காய்ந்தால் பொடியாகும்.