கறுப்பெல்லாம் காரமா?

போன இதழில் சுருட்டைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று ஆசிரியரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. பாதிப் பேர் பெயர் போடவில்லை. அவரவர் வீட்டு நிலைமை அவரவருக்குத்தான் தெரியும். ஏழு பேர் சர்ச்சிலும் திருச்சிச் சுருட்டும் கதையை எழுதச் சொல்கிறார்கள். உறையூரில் சுருட்டு சுற்றியவரின் பேரனுக்கு அது தாலாட்டு மாதிரி கேட்டுப் பழகிய கதை, ஆனால் இந்த முறை வேண்டாம். கோவையிலிருந்து வந்த ஒரு கடிதமே பக்கத்தில் முக்கால்வாசியை எடுத்துக்கொள்ளப் போகிறது.

அண்ணன் மகன் டல்லாஸிலிருந்து வரும்போது இருபது சுருட்டு உள்ள கட்டு ஒன்று கொண்டுவந்தான். நிகராகுவாவில் செய்தது. கரிக்கட்டை மாதிரி கறுப்பு, 'மதுரோ' என்று போட்டிருக்கிறது. ஒன்று மூன்று டாலர்கூட இல்லையாம். எப்போதாவது ஒன்று பிடிக்கிற ஆள் நான். இந்தக் கறுப்பு தலையைச் சுற்ற வைக்குமா? இத்தனை மலிவில் நல்ல சரக்கு கிடைக்குமா? இரண்டை அனுப்பியிருக்கிறேன், பார்த்து மார்க் போடுங்கள்.
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

சுருட்டின் பெயரை நான் எழுதப் போவதில்லை. புகையிலைக்கு விளம்பரம் கூடாது என்று 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. நான் எழுதுவது விளம்பரமா விமர்சனமா என்று கோர்ட்டில் வாதாட நம் ஆசிரியருக்கு நேரம் கிடையாது.

முதலில் கறுப்பைப் பற்றி. மதுரோ என்றால் ஸ்பானிஷ் மொழியில் 'பழுத்தது' என்று அர்த்தம். வாழைப்பழம் பழுத்தாலும் அங்கே அதே சொல்தான். இலையை உலர்த்தியபின் லேசாக ஈரப்படுத்தி, ஆள் உயரத்துக்குப் போர் போட்டு மூடிவைப்பார்கள். உள்ளே தானாகச் சூடு ஏறும். கை வைத்தால் தாங்காத அளவுக்கு ஏறியதும் போரைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியே, வெளியே இருந்ததை உள்ளே மாற்றி அடுக்குவார்கள். கறுப்பு வேண்டுமானால் சூட்டைக் கூடுதலாக ஏறவிட்டு, மாதக்கணக்கில் இதையே திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். பிரிக்கும்போது அம்மோனியா கிளம்பிக் கண்ணைக் கரிக்கும். வேடசந்தூர்ப் பக்கம் 26 வருடம் இலை வாங்கியவன் நான். அந்தக் கிடங்குகளில் அழாத கண் கிடையாது.

இப்படிப் பாடமாகும்போது இலையின் முரட்டுத்தனம் போகும், நிகோடினும் கொஞ்சம் குறையும். அதனால் கறுக்கக் கறுக்கக் காரம் ஏறும் என்று நாம் நினைப்பது தலைகீழ். மிளகாய் வற்றலின் கணக்கைச் சுருட்டுக்குப் போடக்கூடாது. காரம் எங்கிருந்து வருகிறது என்றால், செடியின் உச்சியில் வெயில் தின்று தடித்த இலையிலிருந்து. ஸ்பானிஷ்காரர்கள் அதை லிஹெரோ என்கிறார்கள். நடு இலை மணத்துக்கு, அடி இலை நன்றாக எரிவதற்கு. இந்த மூன்றையும் எந்த அளவில் உள்ளே வைத்துச் சுற்றினார்கள் என்பதுதான் உங்கள் தலை சுற்றுமா சுற்றாதா என்பதைத் தீர்மானிக்கும். சுருட்டின் வெளியே சுற்றுகிற மேல் இலை சட்டை மாதிரி. கறுப்புச் சட்டை போட்டவரெல்லாம் கோபக்காரர் இல்லையே.

ஆனால் அந்தச் சட்டைக்கு நல்ல துணி வேண்டும். இவ்வளவு சூட்டை மெல்லிய இலை தாங்காது, கந்தலாகிவிடும். அமெரிக்காவில் கனெடிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளைகிற பிராட்லீஃப், மெக்சிகோவில் வெராக்ரூஸ் பக்கம் சான் ஆந்த்ரேஸ் இலை, இவை இரண்டும் தடித்து எண்ணெய்ப் பசையோடு இருப்பதால் தாங்கும். பிராட்லீஃபை ஒவ்வொரு இலையாகக் கிள்ளுவதில்லை. செடியை அடியோடு வெட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். மாதக்கணக்கில் பொறுக்க முடியாதவர்கள் குறுக்குவழியாகச் சாயம் ஏற்றுவதும் உண்டு. மலிவுக் கறுப்பைப் பார்த்தால் என் முதல் சந்தேகம் அதுதான். வேட்டி முனையை நனைத்து உங்கள் சுருட்டின் மேல் இரண்டு தடவை தேய்த்தேன். லேசான தேநீர்க் கறை வந்தது, அது எந்த இலையிலும் வரும். மை மாதிரி இறங்கியிருந்தால் இந்தப் பதில் இதோடு முடிந்திருக்கும்.

அளவு ஐந்து அங்குலம், கனம் ஐம்பது. ஐம்பது என்பது ஓர் அங்குலத்தை 64 பாகமாக்கி அதில் ஐம்பது, அதாவது விட்டம் கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர். வாயில் வைக்கிற தலையிலிருந்து பற்றவைக்கிற கால்வரை இரண்டு விரலால் அமுக்கிக்கொண்டே வந்தேன். கால்பக்கம் ஓர் இடத்தில் பஞ்சு மாதிரி அமுங்கியது. மேல் இலையில் நரம்புகள் கிழவர் புறங்கை மாதிரிப் புடைத்திருந்தன. என் புறங்கையோடு வைத்துப் பார்த்தேன், வித்தியாசம் தெரியவில்லை. பிராட்லீஃபுக்கு அது குறையில்லை, சாதியே அப்படி. பற்றவைக்காமல் முகர்ந்தால் உலர்ந்த திராட்சை, பழம்புளி, அடியில் கொஞ்சம் மாட்டுக்கொட்டகை. முகம் சுளிக்காதீர்கள், கொட்டகை வாசனை நல்லது. ஆனால் மூக்கைத் துளைக்கிற அம்மோனியா வாசனை இருந்தால் இலை இன்னும் பாடமாகவில்லை என்று பொருள்.

சாயங்காலம் மொட்டை மாடியில் தீக்குச்சியால் பற்றவைத்தேன். முதல் அங்குலம் மிளகு, நாக்கில் இல்லை, மூக்குவழியாகப் புகையை விட்டபோது. அது அடங்கியதும்தான் சங்கதி ஆரம்பித்தது: கருக வறுத்த காப்பிக்கொட்டை, பின்னாலேயே கருப்பட்டி. இனிப்பு நாக்கில் இல்லை, உதட்டில் இருந்தது. மேல் இலை வாயில் படுகிற இடத்தில்தான் அது தன் வேலையைக் காட்டும். பாதிவரைக்கும் எனக்கு ஒரு புகாரும் இல்லை. சாம்பல் ஓர் அங்குலம் நின்று, பிறகு கேட்காமல் என் மடியில் விழுந்தது.

பாதிக்குமேல் அந்தப் பஞ்சு இடத்தின் குணம் வேறு வழியில் தெரிந்தது. கால்பக்கம் ஒருபுறம் வேகமாகவும் ஒருபுறம் சோம்பலாகவும் எரிந்த நெருப்பு, அந்தக் கோணலை விடாமல் மேலே கொண்டுவந்துவிட்டது. இரண்டு தடவை அணைந்தது. அணைந்த சுருட்டை அப்படியே திரும்பப் பற்றவைத்தால் கசக்கும். சாம்பலைத் தட்டிவிட்டு, உள்ளே தங்கிய பழைய புகையை ஊதி வெளியேற்றிவிட்டுப் பற்றவைக்கவேண்டும். கடைசி ஒன்றரை அங்குலத்தில் கருப்பட்டி போய், தீய்ந்த சுக்கு வந்தது. ஐம்பது நிமிஷத்தில் வைத்துவிட்டேன். தலை சுற்றியதா என்றால், இல்லை. எழுந்து தண்ணீர்த்தொட்டி வால்வைப் பூட்டிவிட்டு ஒழுங்காகப் படியிறங்கினேன்.

ஏன் சுற்றவில்லை என்று பார்க்கத்தான் இரண்டாவதைப் புகைக்காமல் அறுத்தேன். பழைய செய்தித்தாளை விரித்து, சவர பிளேடால் நீளவாக்கில் ஒரு கீறல். மேல் இலை பாதி இலைதான், ஆனால் ஓட்டையில்லாத நல்ல இலை. காசு இங்கேதான் போயிருக்கிறது. அதற்கடியில் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கிற இலை, பரவாயில்லை. உள்ளே பிரித்தால் நீள இலை இரண்டு, அந்த இரண்டுக்கும் நடுவே வெட்டுத் துண்டுகள். பெரிய சுருட்டுகள் செய்யும்போது மிஞ்சுகிற துண்டுகளை இப்படி நீள இலைக்குள் மறைத்துச் சுற்றுவது உலக வழக்கம். திருட்டில்லை, சிக்கனம். தலைப்பக்கம் தீக்குச்சிக் கனத்தில் ஒரு காம்புத் துண்டு கிடந்தது. இந்த இரண்டாவதை நான் பற்றவைத்திருந்தால் இழுத்து இழுத்துக் கன்னம்தான் வலித்திருக்கும். உச்சி இலை இருக்கிறதா என்று தேடினேன். அது தடித்து, விரலில் பிசுக்கென்று ஒட்டும், மெதுவாக எரிவதால் நட்டநடுவில் வைப்பார்கள். இதில் பேருக்குக்கூட இல்லை. நீங்கள் பயந்த காரம் உள்ளேயே போகவில்லை, ஐயா.

மார்க் கேட்டீர்கள். நான் இலை வாங்கியவன், மார்க் போட்டுப் பழக்கமில்லை, விலை சொல்லத்தான் தெரியும். மூன்று டாலருக்கு உங்கள் அண்ணன் மகன் ஏமாறவில்லை. ஐந்து சொல்லியிருந்தால் கட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருப்பேன். அப்புறம், கையால் சுற்றுகிற சரக்கில் ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. காலையில் சுற்றியது வேறு, சாப்பாட்டுக்குப் பிறகு சுற்றியது வேறு. உங்களிடம் மீதியுள்ள பதினெட்டில் நான்கைந்து அடைத்துக்கொண்டு நிற்கும். கையில் எடுத்ததும் தலைப்பக்கம் கட்டியாக இருப்பதைத் தனியே வைத்துவிடுங்கள்.

சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லை, வாயோடு சரி, அதனால் ஒன்றும் செய்யாது என்கிறார் என் கணவர். உண்மையா?
— ஒரு வாசகி, தாம்பரம்

பாதி உண்மை அம்மா, அதுதான் ஆபத்து. சிகரெட் புகை அமிலப் பக்கம் சாய்ந்தது, நுரையீரலுக்குப் போனால்தான் நிகோடின் ரத்தத்தில் ஏறும். சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது (மிளகாய்க் காரம் இல்லை, சோப்புக் காரம்). அது கன்னத்தின் உள்தோல் வழியாகவே ஏறிவிடும், இழுக்கவேண்டிய அவசியமே இல்லை. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் என்று புற்றுநோய் வருகிற இடமெல்லாம் புகை தங்குகிற வழிதான். எங்கள் வீட்டில் ஒருவர் நாக்கில் வந்து போனார். நானும் மாதம் ஒன்று என்று நிறுத்திக்கொண்டவன், அந்த மாதக் கணக்கைத்தான் கோவைக்காரருக்காகச் செலவழித்தேன். பழக்கமில்லாதவர் இந்தப் பத்தியைப் படித்து ஆரம்பிக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்காரரை வாய்க்குள் வெள்ளைத் திட்டு, ஆறாத புண் ஏதாவது இருக்கிறதா என்று பல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

பரிசாக வந்த சுருட்டுப் பெட்டியை அலமாரியில் வைத்திருந்தேன். இரண்டில் ஊசியால் குத்தியது மாதிரி ஓட்டை, அடியில் பொடி. காற்றுக்காக அவர்களே போட்டதா?
— பெயர் வேண்டாம், அப்பா இதே பத்திரிகை படிக்கிறார், தூத்துக்குடி

தம்பி, அது காற்றுக்கு இல்லை, குடும்பம் நடக்கிறது. புகையிலை வண்டு. முட்டை இலையிலேயே வந்திருக்கும், நம் ஊர் வெக்கை அடைகாத்துக் கொடுத்துவிட்டது. ஓட்டை விழுந்ததைத் தூக்கிப் போடுங்கள். மற்றதைக் காற்றுப் புகாத பையில் போட்டு மூன்று நாள் ஃப்ரீசரில், பிறகு ஒருநாள் கீழ்த்தட்டில், அப்புறம்தான் வெளியே. நேராக வெளியே எடுத்தால் மேல் இலை வெடிக்கும். ஃப்ரீசரில் அப்பா கண்ணில் படாமல் வைப்பது உங்கள் சாமர்த்தியம்.

பெட்ரோல் லைட்டரால் பற்றவைக்கலாமா?
— ஓர் ஓட்டுநர், நாமக்கல்

வைக்கலாம், பாதி தூரம் பெட்ரோல் பங்க் வாசனையோடு பிடிக்கவேண்டியிருக்கும். தீக்குச்சிதான் சரி, அதுவும் மருந்து எரிந்து முடிந்த பிறகு.

சுருட்டின் மேலுள்ள காகித மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் பிடிப்பதா, அப்படியேவா?
— கல்லூரி விரிவுரையாளர், சேலம்

எடுத்ததும் கழற்றினால் பசையோடு மேல் இலையும் கிழிந்து வரும். நெருப்பு கொஞ்சம் மேலே ஏறட்டும். சூட்டில் பசை இளகி மோதிரம் தானாகக் கழன்றுவரும். கோவைச் சுருட்டின் மோதிரம் அப்படித்தான் அழகாக வந்தது, கறுப்பும் பொன்னுமாக. மாடிச் சுவரில் வைத்ததை மறந்துவிட்டேன். மறுநாள் காலை இரண்டாம் வகுப்பு படிக்கிற பேத்தி அதை விரலில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். சாயங்காலம் டைரியில் டீச்சர் எழுதி அனுப்பியிருந்தார்: 'தாத்தா நாளைக்கு வந்து பார்க்கவும்.'