சரி என்று தலையாட்டுவதற்கு முன்

வணக்கம் ஐயா,

சென்ற மாதம் நீங்கள் எழுதிய குறிப்பில், ‘மாஸ்க் காலம் ஒருவழியாக முடிந்தது, மனிதர்களின் முகம் நமக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது’ என்று ஒரு வரி இருந்தது. படித்ததிலிருந்து உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

எனக்கு வயது 46. முப்பதைத் தாண்டியதிலிருந்தே இரண்டு காதும் கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகிக்கொண்டு வருகிறது. மெஷின் போட்டிருக்கிறேன். மெஷினும் இருந்து, எதிரே பேசுகிறவரின் முகமும் தெரிந்தால் சமாளித்துவிடுவேன். எனக்குக் காது கேட்காது என்பதே அலுவலகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் ஆஸ்பத்திரிக்குள் போனால் எனக்கு மாஸ்க் காலம் முடியவில்லை.

பித்தப்பையில் ஒரு ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு முன்பு கேள்விகள் கேட்டுக் குறித்துக்கொள்ள வந்த நர்ஸ் மாஸ்க் போட்டிருந்தார். சுற்றிலும் இரைச்சல். இரண்டு தடவை ‘என்னங்க?’ என்றேன். மூன்றாம் தடவை கேட்க வெட்கமாகி, ‘ம், சரி’ என்று தலையாட்டிவிட்டேன். ரத்தம் உறையாமல் இருக்க நான் சாப்பிடும் மாத்திரையைப் பற்றி அவர் கேட்டது ‘நிறுத்திட்டீங்களா?’. என் காதில் விழுந்தது ‘எடுத்திட்டீங்களா?’. கூட வந்த மகள் குறுக்கிட்டுச் சொன்னதால் தப்பித்தேன். தேதியைத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

‘மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் பேசச் சொல்லியிருக்கலாமே அம்மா’ என்றாள் மகள். எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் நோயாளிகளுக்காகவும்தானே அதைப் போட்டிருக்கிறார்கள்? என் ஒருத்திக்காகக் கழற்றச் சொல்ல எனக்கு என்ன உரிமை? நான் கேட்பது தவறா?

அன்புடன்,
மாலதி

*

அன்புள்ள மாலதி,

முதலில் அந்த வரி. முகம் எனக்குத் திரும்பக் கிடைத்தது, அதனால் எல்லோருக்கும் கிடைத்துவிட்டது என்று எழுதிவிட்டேன். அது தவறு. ஆபரேஷன் அறை, தீவிர சிகிச்சைப் பிரிவு, பல் மருத்துவரின் நாற்காலி என்று, ஒரு சொல் தவறினாலும் விபரீதமாகிவிடக்கூடிய இடங்களில்தான் மாஸ்க் இன்னும் இருக்கிறது. இதை நான் மறந்திருக்கக் கூடாது. ஏனென்றால் என் அப்பாவின் கதையும் இதுதான்.

2020இல் அப்பாவுக்கு 74 வயது. காது ‘சுமார்’ என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வோம். ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்திருந்தோம், அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்திருந்தோம். மாஸ்க் வந்ததும் அவர் பேசுவது குறைந்தது. கேட்டால் தலையாட்டுவார், இல்லாவிட்டால் புன்னகைப்பார். வயசாகிறது, பயந்திருக்கிறார் என்று நாங்களாகவே ஒரு காரணம் வைத்துக்கொண்டோம்.

அப்புறம் அவருக்குத் தொற்று வந்து தனியறையில் இருந்தார். தினமும் வெளியே கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். ஜன்னல் இறுக மூடியிருக்கும், வெளியே என்னைத் தவிர யாரும் இல்லை என்பதால் மாஸ்க்கை இறக்கியிருந்தேன். ஒரு நாள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. குரலே எழும்பவில்லை. பழக்க தோஷத்தில் வாயை மட்டும் அசைத்து, ‘காய்ச்சல் இருக்காப்பா?’ என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல் அவர் கையை அசைத்து, ‘இல்ல, நேத்தே விட்டிருச்சு’ என்றார். அவர் குரல் கண்ணாடி வழியாக மெல்லியதாக எனக்குக் கேட்டது. அவருக்கு என் குரல் கேட்டிருக்க வழியே இல்லை. அப்படியே நின்றுவிட்டேன். அதற்கு முந்தைய வாரம்தான் ஒரே அறையில், ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து, மாஸ்க் போட்டுக்கொண்டு, நான் மூன்று தடவை கத்தியும் அவருக்குப் புரியாமல் போயிருந்தது.

எத்தனையோ வருஷமாக அவர் எங்கள் உதட்டைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. அவருக்கே தெரியாது என்பதுதான் பெரிய விஷயம். மாஸ்க் வந்த பிறகுதான் தங்கள் காது இவ்வளவு மோசம் என்று தெரிந்துகொண்டு டாக்டரிடம் போனவர்கள் பலர் உண்டு.

இதில் ‘பாவம், காது கேட்காதவர்கள்’ என்று ஒதுங்கிக்கொள்ள யாருக்கும் இடமில்லை. காது நன்றாக இருப்பவர்களும் கண்ணால் கேட்கிறார்கள். 1976இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இருவர் செய்த சோதனை ஒன்று உண்டு. உதடு ஒட்டிப் பிறக்கும் ஒலி ஒன்றைக் காதுக்குக் கொடுத்தார்கள். தொண்டைப் பக்கம் பிறக்கும் ஒலி ஒன்றைச் சொல்லும் வாயைக் கண்ணுக்குக் காட்டினார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டுமே கேட்கவில்லை, நாக்கு பல்லருகே தொட்டுப் பிறக்கும் மூன்றாவது ஒலி ஒன்று கேட்டது! காதும் கண்ணும் கொண்டுவந்ததை மூளை சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கிறது. நம்மைக் கேட்காமலேயே எடுக்கிறது.

நம் இலக்கணக்காரர்கள் உதட்டை எவ்வளவு உன்னிப்பாகக் கவனித்திருக்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான். ப, ம இரண்டும் இதழோடு இதழ் பொருந்திப் பிறக்கும், வ பல்லும் இதழும் பொருந்திப் பிறக்கும், உ, ஊ, ஒ, ஓ எல்லாம் இதழ் குவிந்து வரும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்கிறது. உதட்டைப் படிக்கிறவர்களுக்கு அதுதான் அரிச்சுவடி.

கடை, தடை, சடை, நடை, படை, மடை. இந்த ஆறு சொற்களையும் கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். படையும் மடையும் உதட்டில் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் மற்ற நாலிலிருந்தும் பளிச்சென்று பிரிந்து நிற்கும். படையா மடையா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. அதைக் காதுதான் சொல்ல வேண்டும். ம-வின் முனகல் தாழ்ந்த சுருதியில் ஒலிப்பது என்பதால் மந்தமான காதுக்கும் பெரும்பாலும் எட்டிவிடும். கடை, தடை, சடை மூன்றும் வாய்க்குள்ளேயே நடப்பவை. உதடு அவற்றைக் காட்டிக்கொடுப்பது மிகவும் குறைவு. முதல் எழுத்து போய்விட்டால் மிஞ்சுவது ‘...டை’ மட்டும். அங்கேதான் கண் விட்ட இடத்தைக் காதும், காது விட்ட இடத்தைக் கண்ணும், அதற்கும் மேல் பேச்சின் போக்கும் நிரப்புகின்றன.

மாஸ்க் இந்த ஏற்பாட்டை இரண்டு பக்கமும் உடைக்கிறது. உதட்டை மறைப்பது வெளியே தெரிகிற பாதிதான். மற்ற பாதி ஒலியில் நடக்கிறது. மாஸ்க் எல்லா ஒலியையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. உயிரெழுத்துகளின் தாழ்ந்த சுருதி ஒலி கிட்டத்தட்ட அப்படியே வெளியே வந்துவிடும். 2000 முதல் 7000 ஹெர்ட்ஸ் வரையிலான மேல் சுருதி ஒலிகளில்தான் வெட்டு விழுகிறது. சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க்கில் 3 அல்லது 4 டெசிபல் போகிறது. என்95 என்றால் 12 டெசிபல் வரை. 6 டெசிபல் குறைந்தாலே ஒலியழுத்தம் பாதி, 12 என்றால் கால்வாசி. ஒரு மீட்டரில் நின்றவர் இரண்டு மீட்டருக்குத் தள்ளி நின்றால், அதற்குத் தனியாக இன்னொரு 6 டெசிபல். க, ச, ட, த, ப என்ற வல்லினங்களைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இந்த மேல் ஒலிகள்தான். வயதால் மந்தமாகிற காது முதலில் இழப்பதும் இதே பகுதியைத்தான். ஏற்கெனவே வலிக்கிற இடத்திலேயே அடி விழுகிறது.

இப்போது உங்களுக்கு நடந்ததைப் பாருங்கள். ‘நிறுத்திட்டீங்களா’, ‘எடுத்திட்டீங்களா’. இரண்டிலும் பின்பாதி ஒன்றுதான். கேள்வி என்பது உறுதி, மாத்திரையைப் பற்றி என்பதும் தெரிகிறது. அர்த்தத்தைத் தலைகீழாக்கும் இரண்டு எழுத்து மட்டும் மாஸ்க்குக்குள் தங்கிவிட்டது. உங்கள் மூளை, வழக்கமாக யாரும் கேட்கும் கேள்வியை எடுத்து அங்கே வைத்தது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அந்த அறையில் அந்த நிமிடம் உங்கள் அளவுக்கு உழைத்துக்கொண்டிருந்தவர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கேட்பது தவறில்லை. நூறு தடவை கேட்கலாம். ஆனால் ‘மாஸ்க்கைக் கழற்றுங்கள்’ என்பதிலிருந்து தொடங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அப்படித் தொடங்கினால் பேச்சு உங்கள் காதா அவர்கள் பாதுகாப்பா என்ற சண்டையாகிவிடும். அந்தச் சண்டையே தேவையில்லை. முதல் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: ‘எனக்குக் காது சரியாகக் கேட்காது. உதடு தெரிந்தால்தான் புரியும். நாம் எப்படிப் பேசலாம்?’ முகம் தெரிய வேண்டும் என்பது உங்கள் தேவை, அதைச் சொல்ல முழு உரிமை உண்டு. அதை எப்படித் தீர்ப்பது என்பது அவர்களுடைய வேலையும்தான். 2020 ஜூனில் மாஸ்க் பற்றி உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்பவர்களுக்கு அது சிரமம் தரும் என்று குறிப்பிட்டிருந்தார்கள். அதே நிறுவனம் 2021இல் சொன்ன கணக்கு, உலகில் 150 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் செவித்திறன் குறைவு இருக்கிறது என்பது. நீங்கள் ஒருத்தி மட்டும் இல்லை.

வழிகள் உண்டு. மருந்து, அளவு, தேதி, நிறுத்த வேண்டியது, தொடர வேண்டியது எல்லாம் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். எனக்கு இதில்தான் அதிக நம்பிக்கை. மாஸ்க் இல்லாத காலத்திலும் அப்படித்தான் வாங்க வேண்டும். பேச்சை எழுத்தாக்கும் வசதி இப்போது கைப்பேசியில் தமிழுக்கும் இருக்கிறது. இரைச்சலில் தடுமாறும், மருந்துப் பெயர்களில் சறுக்கும், ஆனால் பேச்சு எதைப் பற்றி என்பது பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒளி ஊடுருவும் மாஸ்க் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் ஒரு சிக்கல், துணியைவிட பிளாஸ்டிக் அதிகமாக மேல் ஒலியைத் தடுக்கும். மூச்சுக்காற்றில் பனி படியும். உதட்டைப் படிக்கத் தெரிந்த உங்களுக்கு அது லாபம், உதட்டை நம்பாமல் காதை மட்டும் நம்புகிறவருக்கு நஷ்டமாகவும் ஆகலாம்.

இதைப் படிக்கிற நர்ஸ்களுக்கும் டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து கத்தாதீர்கள். கத்தும்போது பெரிதாவது உயிரெழுத்துகள்தான், வல்லினங்கள் அல்ல. பல காதுகளுக்கு மெல்லிய ஒலி கேட்காது, பலத்த ஒலியோ வலிக்கும். இரண்டுக்கும் நடுவில் இடம் குறுகிப்போயிருக்கும். கத்துகிற முகத்தில் கோபமும் தெரிகிறது, மாஸ்க்குக்கு மேலே கண்ணும் புருவமும் மட்டும் தெரியும்போது அது இன்னும் பெரிதாகத் தெரிகிறது. அதற்குப் பதில் எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்: ‘மாத்திரையைப் பற்றிக் கேட்கிறேன்.’ புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள். ‘நிறுத்திட்டீங்களா’ எட்டவில்லையா, ‘இப்போ அந்த மாத்திரை சாப்பிடறது இல்லைதானே?’ எட்டும். கடைசியாக, ‘புரிஞ்சுதா?’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். அதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘நான் சொன்னதை நீங்க ஒரு தடவை சொல்லுங்க’ என்று கேளுங்கள்.

சைகை மொழி பேசுகிறவர்களுக்கு மாஸ்க்கால் சிரமமில்லை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். கை மட்டும் சைகை மொழி இல்லை. பல சைகை மொழிகளில் புருவம் உயர்வதும் சுருங்குவதும் கேள்வியின் வகையைச் சொல்லும், வாயசைவு ஒரே கைச்சைகையின் இரண்டு பொருளைப் பிரிக்கும். முகத்தின் கீழ்ப்பாதி மறைந்தால் அவர்களுக்கு வாக்கியத்தில் ஒரு பகுதியே போய்விடுகிறது.

மாலதி, மெஷினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காதுக்குப் பின்னால் வைக்கும் வகை என்றால், மாஸ்க்கின் எலாஸ்டிக்கும் அதே இடத்தில்தான் மாட்டுகிறது. அப்பா ஒரு தடவை மாஸ்க்கைச் சட்டென்று இழுத்ததில் மெஷின் தெறித்துப் போய்விட்டது. கட்டிலுக்கு அடியில் சக்கரத்தை ஒட்டிக் கிடந்தது. நாங்கள் தேடிய அரை மணி நேரமும் அவர் ஒரு கையைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தக் கையை என்னால் மறக்க முடியவில்லை. தலைக்குப் பின்னால் கட்டும் நாடா வைத்த மாஸ்க் கேளுங்கள். கழற்றும்போது ஒரு கையால் மெஷினைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் அன்று உள்ளே போகும் முன் மெஷினைக் கழற்றித் தரச் சொல்வார்கள். அதற்குப் பிறகு மெஷினும் இருக்காது, முகங்களும் இருக்காது. அப்பாவுக்கு அதுதான் மயக்க மருந்தைவிடப் பயமாக இருந்தது. அதனால் முன்கூட்டியே மயக்க மருந்து டாக்டரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். மயக்கம் கொடுக்கும்வரை மெஷின் காதில் இருக்கலாமா என்று கேளுங்கள், பல இடங்களில் சம்மதிக்கிறார்கள். விழித்ததும் முதலில் அதை மாட்டிவிடச் சொல்லுங்கள். பெயர் எழுதிய சின்ன டப்பா ஒன்று கொடுத்துவிடுங்கள். ‘காது கேட்காது, எழுதிக் காட்டவும்’ என்று கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதச் சொல்லுங்கள். உள்ளே என்னென்ன நடக்கும், எப்போது கையை நீட்ட வேண்டும், எப்போது மூச்சை இழுக்க வேண்டும் என்பதை வெளியிலேயே, முகம் தெரிகிற இடத்தில், ஒரு தடவை சொல்லிவிடச் சொன்னால் உள்ளே ஒரு தட்டு, ஒரு கைச்சைகை போதும்.

மகளையும் கூட அழைத்துப் போங்கள். ஆனால் கேள்விகள் அவளிடம் போகாமல் உங்களிடமே வரட்டும்.

எந்த மாத்திரையை எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும், எப்போது திரும்பத் தொடங்க வேண்டும் என்று டாக்டர் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டாரா? புதிய தேதி எப்போது? எழுதுங்கள்.

அன்புடன்.