4294967297 பகா எண்ணா? இந்த எண்ணில் அப்படி என்ன விசேஷம்?

பகா எண் இல்லை. 641 × 6700417 என்று உடையும். ஆனால் இந்தச் சந்தேகம் வந்ததில் தப்பே இல்லை. இது பகா எண்தான் என்று நம்பியவர் சாதாரண ஆள் அல்ல, பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா.

2-ன் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் இந்த எண் வரும். 3, 5, 17, 257, 65537 என்று போகும் வரிசையில் ஆறாவது இது. ஒரு எண்ணில் ஒன்றைக் கழித்து, வர்க்கமாக்கி, மறுபடி ஒன்றைக் கூட்டினால் அடுத்த எண் கிடைக்கும். முதல் ஐந்தும் பகா எண்கள். வரிசை முழுக்க அப்படித்தான் இருக்கும் என்று 1640-ல் ஃபெர்மா எழுதினார். 1732-ல் கணித மேதை ஆய்லர் இந்த ஆறாவது எண்ணின் காரணியாக 641-ஐ எடுத்துக் காட்டினார். அந்த ஐந்துக்கு அப்புறம் இந்த வரிசையில் ஒரு பகா எண்கூட இன்றுவரை சிக்கவில்லை.

641-ஐப் பிடிக்க எல்லா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவதே விடை!

வகுக்காமலும் காட்டலாம். 641 = 5 × 2⁷ + 1. அதுவே 5⁴ + 2⁴-ம் கூட (625 + 16). இனி 641-ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டும் பார்ப்போம். முதல் வடிவத்தின்படி 5 × 2⁷-ம் −1-ம் ஒன்றே. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-ம் 1-ம் ஒன்றே. இரண்டாம் வடிவம் 5⁴-க்குப் பதில் −2⁴ போட்டுக்கொள்ளச் சொல்கிறது. ஆக −2³²-ம் 1-ம் ஒன்றே, அதாவது 2³² + 1-க்கு மீதி சுழியம். முடிந்தது.

எனக்கு இதைவிடப் பிடித்தது வேறொன்று. இந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதலாம்:

65536² + 1²
62264² + 20449²

ஒற்றைப்படைப் பகா எண்ணை இப்படி அதிகபட்சம் ஒரே விதமாகத்தான் எழுத முடியும். எனவே இரண்டாவது வரி ஒன்றே போதும், காரணி தெரியாமலேயே பகு எண் என்று சொல்லிவிடலாம். அந்த வரியைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். காரணிகள் தெரிந்தால் சுலபம்: 641 = 25² + 4², 6700417 = 2556² + 409². அப்புறம் 25 × 2556 − 4 × 409 = 62264. 25 × 409 + 4 × 2556 = 20449. குறிகளை மாற்றிப் போட்டால் 65536-ம் 1-ம் வந்து விழும். போட்டுப் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை, ஃபெர்மாவின் பெயரிலேயே உள்ள சோதனை. p ஒற்றைப்படைப் பகா எண் என்றால் 2-ன் (p − 1)-ஆம் அடுக்கை p-ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும். இந்த எண் அதில் ஜோராகத் தேறிவிடும்! 2³² மீதி −1 தருவதால் 2⁶⁴ மீதி 1 தரும். இந்த எண்ணில் ஒன்றைக் கழித்தால் வரும் 2³², 64-ன் மடங்கு. 2-க்குப் பதில் 3-ஐ வைத்தால் மாட்டிக்கொள்ளும். ஆனால் அதற்குப் பத்து இலக்க எண்களை 32 முறை வர்க்கமாக்கி வகுக்க வேண்டும், அதுவும் கையால்.

கடைசியாக, இரண்டு குறைந்த 4294967295-ஐயும் பாருங்கள். அது முதல் ஐந்து எண்களின் பெருக்கல்: 3 × 5 × 17 × 257 × 65537. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று இன்று தெரிந்துள்ள, ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்கு பலகோணங்களில் மிகப் பெரியது அத்தனை பக்கங்கள் உள்ளதுதான். 4294967297 பக்கங்களுக்கு அது முடியாது. பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால், அது இந்த வரிசையின் வெவ்வேறு பகா எண்களின் பெருக்கலாக (அல்லது அவற்றில் ஒன்றாக) இருந்தால்தான் வரைய முடியும். இங்கே தடையாக நிற்பது அந்த வரிசையில் இல்லாத, அதே 641.