டிரம்மருக்கு என்ன கலர்? கேள்வி பதில்

மினியேச்சர் படை வீரர்களுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் அதிகம் திணறுவது டிரம்மரிடமும் டிரம்பெட்காரரிடமும்தான். அவர்களைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

1813 லைப்சிக் போருக்கான பிரெஞ்சு செட் வாங்கினேன். பெட்டிப் படத்தில் எல்லோரும் நீலம், டிரம்மர் மட்டும் பச்சை. அச்சுப் பிழையா சார்?

பிழை இல்லை. 1812 ஜனவரி ஆணைப்படி காலாட்படை டிரம்மர்களுக்கும் குதிரைப்படை டிரம்பெட்காரர்களுக்கும் நெப்போலியனின் அரண்மனை நிறமான பச்சைக் கோட் வந்தது. ஒவ்வொரு கையிலும் ஏழு 'வி' வடிவ லேஸ் (நெய்த அலங்கார நாடா) பட்டைகள். பச்சைப் பட்டையில் மஞ்சள் வட்டங்கள், அவற்றுக்குள் 'என்' எழுத்தும் கழுகும் மாறி மாறி வரும். 28 மில்லிமீட்டர் பொம்மையில் கழுகு வரைகிறேன் என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கோட்டைவிடக் கொஞ்சம் வெளிர்ந்த பச்சையில் பட்டை போட்டு, காய்ந்ததும் மஞ்சள் புள்ளிகள் வைத்தால் போதும். டிரம் உடல் பித்தளை, வளையங்கள் நீலம்.

என்னுடையது 1809. அதற்கும் பச்சைதானா?

வேண்டாம். அப்போது இசைக்காரர்களின் உடை கர்னலின் இஷ்டம், பல இடங்களில் கர்னலின் பணமும்கூட. பக்கத்து ரெஜிமெண்டைவிட நம் இசைக்குழு பளபளக்க வேண்டும் என்ற போட்டி வேறு. அதனால் 'பிரெஞ்சு டிரம்மர் என்ன நிறம்' என்று தேடினால் ஆளுக்கொன்று சொல்வார்கள். எந்த ரெஜிமெண்ட், எந்த வருடம், இந்த இரண்டையும் முடிவு செய்துவிட்டுத் தேடுங்கள். ஸ்ட்ராஸ்பூர்க் வழியாகப் போன படைகளைப் பார்த்து அவ்வூர்க்காரர்கள் வரைந்த காகித வீரர்கள் நல்ல சான்று. அதிலும், கண்ணால் பார்த்து வரைந்ததா, பின்னாளில் பிரதி எடுத்ததா என்று கவனியுங்கள். இரண்டு படங்கள் முரண்பட்டால், போருக்குக் காலத்தால் நெருங்கிய படத்தையே நான் எடுத்துக்கொள்வேன், அது எவ்வளவு சாதாரணமாக இருந்தாலும். அழகான படத்தின் மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

அண்ணா, 1799 ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகை செய்கிறேன். வெல்லெஸ்லியின் (பின்னாளில் வெலிங்டன் பிரபு) 33ஆவது பிரிட்டிஷ் ரெஜிமெண்டுக்குச் சிவப்புக் கோட் டிரம்மர் சரியா?

விதிப்படி தவறு. 1768 பிரிட்டிஷ் ஆணை சொல்வது இது: ரெஜிமெண்டின் காலர், கை மடிப்பு என்ன நிறமோ அதுதான் டிரம்மரின் கோட், அவர் காலரும் மடிப்பும் சிவப்பு. அதாவது நிறங்கள் தலைகீழ். 12ஆவது ரெஜிமெண்டுக்கு மஞ்சள் மடிப்பு, ஆகவே டிரம்மருக்கு மஞ்சள் கோட். ஆனால் 33க்கு மடிப்பே சிவப்பு, தலைகீழாக்கினாலும் சிவப்புதான் வரும். அப்படிப்பட்ட ரெஜிமெண்டுகளுக்கு வெள்ளைக் கோட், சிவப்பு மடிப்பு என்று அதே ஆணை வழி சொல்லிவிட்டது. நீல மடிப்பு கொண்ட ராயல் ரெஜிமெண்டுகள் மட்டும் விலக்கு, அங்கே டிரம்மருக்கும் சிவப்புக் கோட்தான்.

டிரம்மின் முன்பக்கத்தையும் மறக்காதீர்கள்: மடிப்பு நிறத்தில் பெயின்ட், மேலே கிரீடமும் அரசரின் எழுத்துகளும், கீழே ரெஜிமெண்ட் எண். ஏப்ரல் 5 இரவு சுல்தான்பேட்டைத் தோப்பில் 33 இருட்டில் தடுமாறித் திரும்பிய காட்சியைச் செய்வதானால் வெள்ளையை அப்படியே அடிக்காமல் சாம்பல் கலந்து அழுக்காக்குங்கள்.

ஏன் இந்தத் தலைகீழ் வேலை?

துப்பாக்கிப் புகையில் அதிகாரியின் குரல் எடுபடாது, டிரம் அடித்துத்தான் உத்தரவு போகும். டிரம்மர் எங்கே என்று சட்டெனத் தெரிய வேண்டும். குதிரைப்படையில் டிரம்பெட்காரருக்குச் சாம்பல் குதிரை கொடுத்ததும் இதற்கே. கர்னலின் பகட்டும் இதில் சேரும்.

1770 பாஸ்டன் துப்பாக்கிச் சூட்டுக் காட்சியில் பிரிட்டிஷ் 29ஆவது ரெஜிமெண்ட் டிரம்மர்கள் கறுப்பினத்தவர் என்று ஒரு நண்பர் சொல்கிறார். உண்மையா?

உண்மை. 1759இல் கரீபியன் தீவான குவாதலூப் பிடிபட்ட பிறகு அட்மிரல் போஸ்காவன் கறுப்பினச் சிறுவர்களை வாங்கி, 29இன் கர்னலாக இருந்த தம்பிக்குக் கொடுத்தார் என்பது ரெஜிமெண்டில் வழங்கும் கதை. அந்த வழக்கம் 1843 வரை நீடித்தது. சவுக்கடி கொடுப்பதும் டிரம்மர் வேலை. 1768இல் பாஸ்டன் மைதானத்தில் இவர்கள் வெள்ளைச் சிப்பாய்களை அடித்ததைக் கண்டு ஊரே திகைத்தது. மஞ்சள் கோட், சிவப்பு மடிப்பு, கறுப்புக் கரடித்தோல் தொப்பி. மஞ்சளுக்கு வெள்ளை பிரைமர் (அடிப்பூச்சு) போடுங்கள், கறுப்பு பிரைமர் மேல் மஞ்சள் ஏறவே ஏறாது.

ப்ரஷ்ய டிரம்மருக்குத் தோளில் பிறை மாதிரி ஏதோ இருக்கிறதே, அது அச்சில் பிதுங்கியதா? வெட்டிவிடலாமா?

ஐயோ, வெட்டாதீர்கள்! இசைக்காரர் என்பதற்கு அதுதான் அடையாளம். லேஸ் கோடுகள் போட்ட தோள் சிறகு அது. ஜெர்மன் ராணுவ இசைக்குழுவில் இன்றும் அணிகிறார்கள்.