கோட்டையைத் தேடாதீர்கள், தரையைப் பாருங்கள்: பாளையக்காரர் போர்க்களங்கள், கேள்வி பதில்

நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. நில அளவைத் துறையில் சங்கிலி இழுத்து ஓய்வு பெற்றவன். வீடு ஒத்தக்கடை. இருபது வருடமாகப் பாளையக்காரர் போர் நடந்த இடங்களை ஸ்கூட்டரிலும் பஸ்ஸிலுமாகச் சுற்றி வருகிறேன். லீவு விட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போகலாம் என்று ஆளாளுக்குக் கேட்டதால், எல்லாக் கேள்விகளையும் மொத்தமாக அனுப்பச் சொன்னேன். 43 வந்தன. அதில் பாதி புளியமரத்தைப் பற்றி.

வில்லாபுரத்திலிருந்து ஒரு அம்மா: கார் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள். பாஞ்சாலங்குறிச்சியும் கயத்தாறும் ஒரே நாளில் முடியுமா?

முடியும். ஆனால் எந்தப் பக்கமிருந்து ஆரம்பிக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எல்லாரும் நாலுவழிச் சாலையில் நேராகக் கயத்தாறு போய், டிபன் சாப்பிட்டு, உச்சி வெயிலில் பாஞ்சாலங்குறிச்சியில் போய் இறங்குகிறார்கள். அங்கே ஒதுங்க நிழல் கிடையாது. பிள்ளைகள் காரை விட்டு இறங்க மாட்டார்கள். நீங்கள் விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பி அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகக் குறுக்குச்சாலை போய், அங்கிருந்து ஓட்டப்பிடாரம் பக்கம் திரும்புங்கள். ஒன்பது மணிக்குள் பாஞ்சாலங்குறிச்சியில் இருக்கலாம். கயத்தாறு நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கிறது, திரும்பும்போது சாயங்காலம் அரை மணி நேரம் போதும்.

போவதற்கு முன்னால் பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அங்கே கம்பீரமாக நிற்கிற கோட்டை 1974-இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை. கட்டபொம்மன் இருந்த கோட்டை மண்ணால் ஆனது. நீளம் ஏறத்தாழ 500 அடி, அகலம் 300 அடி. என் தொழில் கணக்கில் மூன்றரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. சுற்றிலும் முள்வேலி. இந்த மூன்றரை ஏக்கர் மண்ணுக்குத்தான் கும்பினிப் படை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, இரண்டு தடவை வந்தது.

1799 செப்டம்பர் 5-ஆம் தேதி மேஜர் பானர்மேன் மோதியபோது கோட்டை விழவில்லை. பிறகு கட்டபொம்மன் ஆட்கள் இரவோடு இரவாக வெளியேறினார்கள். அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாறில் அவரைத் தூக்கிலிட்டார்கள். கோட்டையையும் இடித்தாயிற்று. முடிந்தது என்று நினைத்தார்கள். 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடிந்து கிடந்த கோட்டையைச் சில நாட்களில் மறுபடி எழுப்பிவிட்டார். மண் கோட்டையின் வசதி அது. கல் வேண்டாம், கொத்தனார் வேண்டாம். மண்வெட்டியும் தண்ணீரும் ஊரே திரண்டு வருகிற ஆட்களும் இருந்தால் போதும். குண்டு பட்டால் கல் சுவர் பிளந்துபோகும். மண் சுவர் குண்டை விழுங்கிக்கொள்ளும். மார்ச் 31-ஆம் தேதி கும்பினி மேஜர் மெக்காலே தலைமையில் ஏறப் பார்த்துத் தோற்றார்கள். கர்னல் அக்னியூ வந்து, கூடுதல் பீரங்கிகளும் வந்து சேர்ந்த பிறகு மே 24-ஆம் தேதிதான் கோட்டை விழுந்தது.

நினைவுக் கோட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். பழைய கோட்டையின் அடித்தள மிச்சங்கள் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கின்றன, அங்கே போங்கள். செத்துப்போன வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. நான் முதலில் பார்ப்பது அதைத்தான். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் எத்தனை பேர் மண்ணுக்குள் போனார்கள் என்பது அங்கே நின்றால்தான் உறைக்கும்.

செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். முள்.

பழங்காநத்தம்: கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட புளியமரம் இன்னும் இருக்கிறதா?

இல்லை.

தெப்பக்குளம்: கயத்தாறில் அப்புறம் என்னதான் இருக்கிறது?

சிலையும் மணிமண்டபமும். சிவாஜி கணேசன் தன் சொந்தப் பணத்தில் இடம் வாங்கி 1970-இல் வைத்த சிலை அது. அதற்கும் முந்திய நினைவுச்சின்னம் ஒன்று உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. அந்த வழியாகப் போகிறவர்கள் தூக்கிலிட்ட இடத்தில் ஆளுக்கொரு கல்லாகப் போட்டுப் போட்டு, எழுபது எண்பது வருடத்தில் அங்கே ஒரு பெரிய கல் குவியலே சேர்ந்திருந்தது. அரசாங்கமும் இல்லை, அழைப்பிதழும் இல்லை.

அண்ணாநகர்: எந்த மாதம் போகலாம்?

நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை. அக்டோபர் கடைசி வாரம் மட்டும் வேண்டாம். 24-ஆம் தேதி திருப்பத்தூரிலும் 27 காளையார்கோவிலிலும் மருதுபாண்டியர் நினைவு நாள், 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் முழுக்கப் போலீஸ் கட்டுப்பாடு இருக்கும், வாடகை வண்டியை உள்ளே விட மாட்டார்கள். ஒரு தடவை நான் தெரியாமல் போய் மாட்டிக்கொண்டு, பொட்டல் காட்டில் நாலு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சென்னையில் இருக்கும் மதுரைக்காரர்: திருப்பத்தூருக்கு ரயில் டிக்கெட் போட்டுவிட்டேன்...

ஐயா, ரத்து செய்யுங்கள். அது ஜோலார்பேட்டை பக்கத்துத் திருப்பத்தூர். சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24-ஆம் தேதி தூக்கிலிட்டது சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரில். மதுரைக்கு வாருங்கள், மாட்டுத்தாவணியில் மேலூர் வழியாகக் காரைக்குடி போகிற பஸ் ஏறுங்கள்.

எல்லீஸ் நகர்: காளையார்கோவிலில் கோவிலைத் தவிரப் பார்க்க என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

மதுரையிலிருந்து தொண்டி போகிற பஸ் சிவகங்கை, காளையார்கோவில் வழியாகத்தான் போகும். சிவகங்கை தாண்டியதும் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பாருங்கள். வறண்ட தரை, சீமைக் கருவேல், அங்கங்கே கண்மாய். இங்கேயா காடு இருந்தது என்று தோன்றும். சீமைக் கருவேல் பிற்காலத்தில் வந்தது, அதைக் கண்ணிலிருந்து எடுத்துவிடுங்கள். 1801-இல் இங்கே பீரங்கி வண்டி நுழைய முடியாத அடர்ந்த முட்காடு.

அக்னியூ படையோடு சின்ன மருதுவின் ஊரான சிறுவயலுக்கு வந்தார். வெள்ளைக்காரன் கையில் போகக் கூடாது என்று சின்ன மருதுவே ஊருக்குத் தீ வைத்துவிட்டுப் போயிருந்தார். அங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி வழி போடப் பார்த்தார்கள். ஆகஸ்ட் மாதம் முழுக்க வெட்டினார்கள். முன்னால் வெட்ட வெட்டப் பின்னாலும் பக்கத்திலும் அடி விழுந்தது, காய்ச்சல் வேறு. கடைசியில் வேலையைக் கைவிட்டுப் படை பின்வாங்கியது. காட்டை வெட்டி ஜெயிக்க முடியாது என்று தெரிந்த பிறகுதான் மூன்று பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் நுழைந்து, அக்டோபர் 1-ஆம் தேதி காளையார்கோவிலைப் பிடித்தார்கள்.

சிறுவயல் வேறு, மஞ்சுவிரட்டுக்குப் பேர்போன சிராவயல் வேறு. இரண்டுமே காரைக்குடிப் பக்கம்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு போய் என்னைத் திட்டாதீர்கள்.

காளையார்கோவிலின் பெரிய கோபுரம் மருதுபாண்டியர் கட்டியது. சகோதரர்களின் சமாதியும் கோவிலுக்கு எதிரிலேயே இருக்கிறது. 1772 ஜூன் 25-ஆம் தேதி சிவகங்கை அரசி வேலு நாச்சியாரின் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டதும் இதே ஊரில்தான். முப்பது வருட இடைவெளியில் ஒரே மண்ணில் இரண்டு தடவை.

கும்பினிப் படையில் இருந்த வெல்ஷ் என்ற அதிகாரி தன் நினைவுக் குறிப்பில், தனக்கு வளரி என்ற வளைந்த எறி ஆயுதத்தை எறியக் கற்றுக்கொடுத்ததே சின்ன மருதுதான் என்று எழுதியிருக்கிறார். சில வருடம் கழித்து அதே மனிதரை வேட்டையாடுகிற படையில் அவரும் இருந்தார். கோவில் வாசலில் பூ வாங்கும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

கூடல்நகர்: புளியமரம் எங்கே...

மேலே பாருங்கள்.

சிந்தாமணி: போகிற வழியில் எட்டயபுரம் வருகிறது. காட்டிக்கொடுத்த எட்டப்பன் அரண்மனையைப் பார்க்கலாமா?

பாருங்கள். பாரதி பிறந்த வீடு அங்கே இருக்கிறது. முத்துசாமி தீட்சிதர் சமாதியும் அங்கேதான். ‘காட்டிக்கொடுத்த’ என்ற சொல்லை மட்டும் ஊருக்குள் சத்தமாகச் சொல்லாதீர்கள்.

இந்தப் பதிலை இரண்டு பேரிடம் முன்கூட்டியே காட்டினேன். அங்கே பிடித்தது தீ.

எட்டயபுரத்துக்காரர், இப்போது மதுரையில் வியாபாரம்: எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே பொண்ணு வீட்டில் சிரிக்கிறார்கள். நீங்களும் பட்டும் படாமலும் பேசுகிறீர்களே?

சரி, பட்டுச் சொல்கிறேன். எட்டயபுரம் ஒளிந்திருந்து காட்டிக்கொடுக்கவில்லை. வெளிப்படையாகவே கும்பினி பக்கம் நின்றது, படையும் அனுப்பியது. பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் நெடுநாள் எல்லைத் தகராறு. இரண்டு முழ வரப்புக்கு அண்ணன் தம்பி வெட்டிக்கொள்வதை என் சர்வீஸ் முழுக்கப் பார்த்தவன் நான், எனக்கு இதில் ஆச்சரியமில்லை. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர் எட்டப்பர் அல்ல, புதுக்கோட்டைத் தொண்டைமான். திருக்களம்பூர்க் காட்டில் பிடித்தார்கள். அதற்காக உங்கள் ஊர் பாளையம் செய்தது சரி என்று ஆகிவிடாது. பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் பங்கு வாங்கியவர்கள்தானே.

புதுக்கோட்டையிலிருந்து ஒருவர்: தொண்டைமான் கும்பினியின் கூட்டாளி. ஒப்பந்தப்படி நடந்தால் துரோகமா?

ஒப்பந்தப்படி நடந்தார் என்பது உண்மை. அது பெருமை என்று நீங்கள் சொன்னால் நான் மறுப்பேன்.

மறுபடி சிந்தாமணி: இரண்டு பக்கமும் பேசுகிறீர்கள், நீங்கள்தான் எட்டப்பன்!

இதை எதிர்பார்த்தேன். ஒரு கதை சொல்கிறேன், அதோடு விடுங்கள். இதுவும் வெல்ஷ் எழுதியதுதான். கோட்டை விழுந்த அன்று காயம்பட்டுக் கிடந்த ஊமைத்துரையை ஊர்ப் பெண்கள் பிணங்களுக்கு நடுவிலிருந்து தூக்கிப் போய் வீட்டில் வைத்தார்கள். எட்டயபுரம் ஆட்கள் தேடி வந்தபோது அவர்மேல் துணியைப் போர்த்தி, அம்மை போட்டுவிட்டது என்று அழுதார்கள். வந்தவர்கள் வாசலோடு ஓடிவிட்டார்கள். பீரங்கிக்கு முன்னால் நின்றவர்களும் அம்மைக்குப் பயந்தார்கள். அந்த ஒரு பொய்யால் அந்த மனிதர் பிழைத்துச் சிறுவயல் போய்ச் சேர்ந்தார், போர் இன்னும் நாலு மாதம் நடந்தது. துரோகி யார் என்று கேட்டுப் பல பேர் எழுதினீர்கள். இந்தப் பெண்கள் யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எட்டப்பன் பற்றி இனி வருகிற கேள்விகளைப் பிரிக்காமலே வைத்துவிடுவேன்.

நரிமேடு: மதுரைக்குள்ளேயே எதாவது? அம்மாவுக்கு முழங்கால் வலி, தூரம் போக முடியாது.

ஆட்டோவில் இரண்டு மணி நேரம். முதலில் சம்மட்டிபுரம், கான்சாகிபு பள்ளிவாசல். கும்பினியின் தளபதியாக இருந்து பிறகு அதையே எதிர்த்து நின்ற மருதநாயகம் என்ற யூசுப்கான் அடங்கிய இடம். 1764-இல் கும்பினியும் ஆற்காட்டு நவாபும் மதுரையை முற்றுகையிட்டார்கள். ஜூன் மாதத் தாக்குதல் தோற்றது. கடைசியில் சொந்த ஆட்களே தொழுகை நேரத்தில் பிடித்துக் கட்டினார்கள். அக்டோபர் 15-ஆம் தேதி தூக்கு. பிறகு உடலைத் துண்டாக்கி வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள். அந்த அளவுக்குப் பயம்.

அவர் காத்த கோட்டை எங்கே என்று கேட்பீர்கள். அதன்மேல்தான் தினமும் நடக்கிறீர்கள். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் அப்படி வந்தவை. மாரட் ஒரு சர்வேயர், எங்கள் தொழில்காரர். வீதிப் பெயரில் இருக்கிற பெருமாள் மேஸ்திரி இடிப்பு வேலையைப் பார்த்தவர். பெரியார் பஸ் நிலையம் பக்கம் ஒரு கொத்தளம் மிஞ்சியிருக்கிறது. அம்மாவை ஆட்டோவிலிருந்தே பார்க்கச் சொல்லுங்கள்.

ஊமச்சிகுளம்: எங்கள் பக்கம் ஒன்றும் நடக்கவில்லையா?

நடந்தது. 1755-இல் கர்னல் ஹெரான் எங்கள் ஒத்தக்கடை பக்கத்துத் திருமோகூர்க் கோவிலைச் சூறையாடிச் சாமி சிலைகளைத் தூக்கிப் போனார். மே மாதம் அந்தப் படை நத்தம் கணவாயைக் கடக்கும்போது கள்ளர்கள் பாய்ந்து, “சாமி, சாமி” என்று கத்திக்கொண்டே சிலைகளை மீட்டார்கள். நான் பார்த்தவரை அங்கே ஒரு பலகையும் கிடையாது. பறக்கும் பாலத்தில் ஏறி நத்தம் சாலையில் போங்கள், மலை நெருங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் பார்த்தால் ஏன் அங்கே மடக்கினார்கள் என்று தானாகவே புரியும்.

செல்லூர்: தாத்தா 1944-இல் கோஹிமாவில் இறந்ததாகச் சொல்வார்கள். சமாதி இருக்குமா?

என் களம் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்திருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பக்கத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். கோஹிமாவில் 1,420 கல்லறைகள். தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேரின் பெயர்கள் அங்கே தனியாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நேதாஜி படை என்றால் மணிப்பூர் மொய்ராங் போகவேண்டும். நாகாலாந்து, மணிப்பூர் இரண்டுக்கும் உள்நுழைவு அனுமதி எடுக்கவேண்டும். ஆவணத்துக்கு மதுரை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். தாத்தாவின் படை எண் வீட்டுப் பெட்டியில் எங்கேயாவது இருக்கும், முதலில் அதைத் தேடுங்கள்.

உசிலம்பட்டி: பெருங்காமநல்லூர்?

போர்க்களம் இல்லை. கைரேகைச் சட்டத்தை, அதாவது குற்றப் பரம்பரைச் சட்டத்தை, எதிர்த்தவர்களை 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி சுட்டார்கள். மாயக்காள் உள்ளிட்ட 16 பேர். கட்டாயம் போங்கள்.

அவனியாபுரம்: வேலு நாச்சியாருக்காக உடலில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் குதித்ததாகச் சொல்லும் குயிலி உண்மையா?

சூரக்குளத்தில் வேலு நாச்சியார் மணிமண்டபத்தை ஒட்டி நினைவுச்சின்னம் இருக்கிறது. வாய்மொழியாக வந்த கதை. என் பேத்தி அதை நம்புகிறாள், நான் குறுக்கே பேசுவதில்லை.

ஜெய்ஹிந்த்புரம்: கழிப்பறை வசதி?

பஸ் நிலையங்களிலும் நெடுஞ்சாலை ஓட்டல்களிலும் முடித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஷூ. முள் என்று எத்தனை தடவைதான் சொல்வது.

ஆனையூர்: புளியமரத்துக்குப் பக்கத்தில் நின்று போட்டோ...

ஐயா!

யாகப்பா நகர்: நீங்கள் எப்போது போகிறீர்கள், கூட வரலாமா?

ஞாயிற்றுக்கிழமை காளையார்கோவில். காலை ஐந்தே முக்காலுக்கு மாட்டுத்தாவணியில் தொண்டி பஸ் நிற்கிற இடத்தில் இருப்பேன். கையில் மஞ்சள் பை. ஆறு மணிக்கு மேல் யாருக்காகவும் நிற்க மாட்டேன்.