பெரியவர்களின் நோய் எதிர்ப்புக் குறைபாட்டை எப்படிப் பிரித்தறிகிறார்கள்?

கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களோ இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புப் புரதங்களோ போதாமல் போவது, அல்லது இருந்தும் சரிவர வேலை செய்யாதிருப்பது நோய் எதிர்ப்புக் குறைபாடு. நிமோனியாவும் சைனஸ் சீழும் திரும்பத் திரும்ப வரும்போது ஆன்டிபயாட்டிக்கை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது காலத்தை வீணாக்கும் என்பது என் உறுதியான கருத்து.

சென்னை அடுக்ககத்தில் மாடித் தொட்டி வற்றினால், மோட்டார் ஏற்றவில்லையா, குழாய் ஒழுகுகிறதா என்றுதானே பார்ப்போம்? அதுபோல, இரத்தத்தில் ஐஜிஜி என்னும் இம்யூனோகுளோபுலின் வகை குறைந்திருந்தால், சிறுநீரக நோயால் அந்தப் புரதம் நுரைத்துப் போகும் சிறுநீரில் வெளியேறுகிறதா, ரிட்டுக்சிமாப் போன்ற மருந்தோ இரத்தப் புற்றுநோயோ அதன் உற்பத்தியைக் குறைத்துவிட்டதா என்று முதலில் ஆராய வேண்டும். இவை எதுவும் இல்லாமல், ஐஜிஏ அல்லது ஐஜிஎம் என்னும் வேறு இம்யூனோகுளோபுலின் வகையும் சேர்ந்து குறைந்து, தடுப்பூசிக்குப் பிறகும் எதிர்ப்புப் புரதம் போதிய அளவு உருவாகாவிட்டால், பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் கண்டறியப்படும் சிவிஐடி (CVID) என்ற முதன்மைக் குறைபாட்டை, அதாவது வேறு நோயாலோ மருந்தாலோ வராமல் எதிர்ப்பு அமைப்பிலேயே உள்ள குறைபாட்டைச் சந்தேகிப்பார்கள். இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதற்கு முன்பே இந்த அளவுகளைப் பார்த்துவிட வேண்டும். லாரித் தண்ணீர் நிரப்பிய தொட்டியைப் பார்த்து மோட்டார் ஓடுகிறது என்று சொல்ல முடியாது.

எதிர்ப்புக் குறைபாடு என்றாலே எய்ட்ஸ் என்று பலர் பதறுகிறார்கள். எச்ஐவி காரணங்களுள் ஒன்று மட்டுமே, அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு, சிவிஐடியோ ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதே இல்லை.