ஜிஞ்சா டெம்ப்ளேட்டில் காலி வரிகள்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஃபிளாஸ்க் என்ற பைதான் வெப் ஃபிரேம்வொர்க்கில், அதன் டெம்ப்ளேட் மொழியான ஜிஞ்சாவில் ஒரு ஃபார் லூப். வியூ சோர்ஸ் பார்த்தால் வரிக்கு வரி காலி. எப்படிப் போக்குவது?

பதில்: லூப் டேக் மறைந்துவிடும், அதற்கு முன்னிருந்த ஸ்பேஸும் பின்னிருந்த நியூலைனும் மறையாது. ட்ரிம்_பிளாக்ஸ், எல்ஸ்ட்ரிப்_பிளாக்ஸ் என்ற ஜிஞ்சா செட்டிங்குகள் இரண்டையும் ட்ரூ ஆக்குங்கள். முதலாவது, டேக்கை ஒட்டி வரும் நியூலைனை எடுக்கும். அடுத்தது, வரித் தொடக்கத்திலிருந்து டேக் வரையுள்ள ஸ்பேஸையும் டேபையும். இரண்டும் இயல்பில் ஃபால்ஸ். ஆனால் ஒன்று, சோர்ஸ் அழகாக இருக்க மட்டும்தான் என்றால் விட்டுவிடுங்கள். பிரௌசர் அந்தக் காலி வரிகளைச் சட்டை செய்யாது.

கேள்வி: எல்லா டேக்கிலும் மைனஸ் போட்டால் போதாதா?

பதில்: போதும், அளவுக்கு மேலேயே. {%- முன்னால் எத்தனை காலி வரி இருந்தாலும் ஒன்றுவிடாமல் எடுத்துவிடும்; -%} பின்னால் அப்படியே. "வணக்கம்" என்ற சொல்லை அடுத்து {%- போட்டு உள்ளே பெயரை வைத்தால், இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். {%, - இரண்டுக்கும் நடுவே ஸ்பேஸ் விட்டால் வேலை செய்யாது.

கேள்வி: மெனு லிங்குகள் இன்லைன்-பிளாக். மார்ஜின் ஜீரோ. ஆனாலும் நடுவே சின்ன இடைவெளி!

பதில்: டெம்ப்ளேட்டில் நீங்கள் தட்டிய என்டர்தான் அது. ஒற்றை ஸ்பேஸாகச் சுருங்கித் திரையில் நிற்கிறது. பெற்றோர் எலிமென்ட்டுக்கு டிஸ்ப்ளே ஃபிளெக்ஸ் கொடுங்கள், போய்விடும். இதற்காக டெம்ப்ளேட் முழுக்க மைனஸ் தூவ வேண்டாம்.

கேள்வி: சார், எடிட் பக்கத்து டெக்ஸ்ட்ஏரியாவில் ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும் முதல் வரிக்கு முன் ஸ்பேஸ் கூடிக்கொண்டே போகிறது.

பதில்: மதிப்பைத் தனி வரியில் இன்டென்ட் செய்து (முன்னால் ஸ்பேஸ் விட்டு) வைத்திருப்பீர்கள். டெக்ஸ்ட்ஏரியா டேக்கும் ப்ரீ டேக்கும் ஸ்பேஸைச் சுருக்காது. அந்த இன்டென்ட்டும் பயனர் எழுதியதாகவே சேமிப்புக்குப் போகிறது. திறப்பு டேக், மதிப்பு, மூடும் டேக் மூன்றும் ஒரே வரியில் ஒட்டி இருக்கட்டும், பார்க்க அசிங்கமாக இருந்தாலும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. திறப்பு டேக்கை ஒட்டி வரும் ஒரே ஒரு நியூலைனை ஹெச்டிஎம்எல் பார்சர் விழுங்கிவிடும். பயனரின் உரையே காலி வரியில் தொடங்கினால் அது காணாமல் போகும். அப்படி உரை வரக்கூடும் என்றால் திறப்பு டேக்குக்குப் பின் வேண்டுமென்றே ஒரு நியூலைன் விடுங்கள், இன்டென்ட் இல்லாமல்.

கேள்வி: சைட்மேப் எக்ஸ்எம்எல் திறந்தால் எரர். மேலே ஒரு செட் வரி (மாறிக்கு மதிப்பு கொடுக்கும் ஜிஞ்சா டேக்) மட்டும்தான் இருக்கிறது.

பதில்: அந்த வரி விட்டுச்சென்ற நியூலைன்தான். <?xml என்று தொடங்கும் எக்ஸ்எம்எல் டிக்ளரேஷனுக்கு முன் எதுவுமே வரக்கூடாது. செட் டேக்கை -%} என்று மூடுங்கள்.

கேள்வி: ஜாங்கோ என்ற இன்னொரு பைதான் ஃபிரேம்வொர்க்கின் டெம்ப்ளேட்டில் இந்த மைனஸ் உண்டா?

பதில்: இல்லை. ஸ்பேஸ்லெஸ் டேக் உண்டு. அது ஹெச்டிஎம்எல் டேக்குகளுக்கு இடையேயுள்ளதை மட்டும் எடுக்கும், உரைக்குள் கை வைக்காது. அடுத்தடுத்த லிங்குகளுக்கு நடுவே வேண்டிய ஸ்பேஸும் சேர்ந்து போகும், பார்த்துக்கொள்ளுங்கள்.